குன்னூர்–ஊட்டி ரயிலை உள்ளூர் ரயிலாக ஓட்டினால் என்ன?

கேத்திக்காரன் | சனி, காலை 9:40

எங்கள் வீட்டில் இரண்டு பேர் வேலைக்குப் போகிறோம். அக்கா ஊட்டிக்கு, நான் குன்னூருக்கு. வீடு கேத்தி ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரம்தான்.

அக்காவுக்கு ரயில் இருக்கிறது. குன்னூரில் முக்கால் எட்டுக்குக் கிளம்பும் வண்டி அவளை ஏற்றிக்கொண்டு போய் ஒன்பது மணி சுமாருக்கு ஊட்டியில் இறக்கிவிடும். சாயங்காலம் ஐந்தரைக்கு அங்கிருந்து திரும்ப ஒரு வண்டி. ஆபீஸ்காரர்களுக்கென்றே போட்ட நேரம். எனக்கு? ஊட்டியிலிருந்து கீழே இறங்கும் முதல் வண்டியே ஒன்பதே காலுக்குத்தான். அது கேத்திக்கு வந்து சேரும்போது எங்கள் ஆபீசில் முதல் டீ முடிந்து கப்பைக் கழுவி வைத்திருப்பார்கள்.

அதனால் தினமும் மெயின் ரோட்டுக்கு ஏறி, ஏற்கெனவே பிதுங்கிக்கொண்டு வரும் பஸ்ஸில் ஒரு காலை வைக்க இடம் தேடுகிறேன். ஏப்ரல், மே வந்தால் அதுவும் நடக்காது, ரோடு முழுக்க வெளியூர் கார்.

குன்னூர் முதல் ஊட்டி வரை தண்டவாளம் 18 கி.மீ.தான். நடுவில் வெலிங்டன், அருவங்காடு, கேத்தி, லவ்டேல். பட்டாளம், தொழிற்சாலை, காலேஜ், பள்ளிக்கூடம் எல்லாம் இந்த வரிசையில்தான் இருக்கின்றன. இரண்டு முனையிலும் பஸ் ஸ்டாண்டு ஸ்டேஷனுக்குப் பக்கத்திலேயே. சென்னையில் பீச்–தாம்பரம் ஓட்டுகிற மாதிரி இதை ஏன் உள்ளூர் ரயிலாக ஓட்டக் கூடாது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். சும்மா திட்டுவதற்காக இந்த இழையைத் தொடங்கவில்லை.

மேட்டுப்பாளையம் சேகர் | சனி, காலை 10:25

தம்பி, நீங்கள் கேட்பது நியாயம்தான். ஆனால் முதலில் பாதையைப் பிரித்துப் பார்க்க வேண்டும். மேட்டுப்பாளையம் முதல் ஊட்டி வரை சுமார் 46 கி.மீ. டிக்கெட்டில் ஒரே ரயில். உள்ளே மூன்று துண்டு.

மேட்டுப்பாளையம் 326 மீட்டர் உயரம். அங்கிருந்து கல்லாறு வரை பாக்குத் தோப்புக்கு நடுவே சும்மா ஓடும். கல்லாறு தாண்டினால் குன்னூர் வரை ஏறக்குறைய 20 கி.மீ. பல்சக்கரப் பாதை. இந்தியாவில் பல் தண்டவாளம் இருப்பது இங்கே மட்டும். 12.5 மீட்டர் போனால் ஒரு மீட்டர் ஏறுகிற ஏற்றம். இரண்டு தண்டவாளத்துக்கு நடுவே இரண்டு பல் பட்டைகள் ஒட்டி ஒட்டிக் கிடக்கும். ஒன்றில் பல் இருக்கிற இடத்தில் அடுத்ததில் பள்ளம் வரும்படி தள்ளிப் பொருத்தியிருப்பார்கள். அதனால் இன்ஜினின் பல்சக்கரத்துக்குப் பிடி நழுவவே நழுவாது. ரோமன் ஆப்ட் என்ற சுவிஸ் இன்ஜினியரின் முறை இது. இன்ஜின் எப்போதும் கீழ்ப்பக்கம் நின்று தள்ளும். பெட்டிக்கு ஒரு பிரேக்ஸ்மேன் வெளியே மேடையில் நின்று கொடி காட்டிக்கொண்டே வருவார். அங்கே 13 கி.மீ. வேகத்துக்கு மேல் போகக் கூடாது. தண்ணீர் பிடிக்க நிற்பது வேறு. இதை உள்ளூர் ரயிலாக நினைத்துப் பார்க்கவே வேண்டாம்.

குன்னூருக்கு (1,711 மீட்டர்) மேலே பல் கிடையாது. அதிகபட்ச ஏற்றம் 25-க்கு 1. டீசல் இன்ஜின், வேக வரம்பு 30 கி.மீ. ஊட்டி 2,203 மீட்டர். நீங்கள் சொல்கிற உள்ளூர் ரயில் என்றால் இந்த மூன்றாவது துண்டு மட்டும்தான். இதில் தொழில்நுட்பத் தடை எதுவும் இல்லை. சிக்கல் எல்லாம் நேர அட்டவணையில்தான்.

டாக்ஸி ஸ்டாண்டு ரவி | சனி, காலை 11:02

சேகர் அண்ணா சொன்னால் சரியாகத்தான் இருக்கும். ஆனால் குன்னூரிலிருந்து ஊட்டிக்கு ரயிலில் ஒண்ணேகால் மணி நேரம். நான் முக்கால் மணியில் கொண்டுபோய் விடுவேன். பஸ்ஸும் கிட்டத்தட்ட அதே கணக்கு. யார் ரயிலுக்குக் காத்திருப்பார்கள்?

கேத்திக்காரன் | சனி, காலை 11:15

ரவி அண்ணா, மே மாதம் ஞாயிற்றுக்கிழமை முக்கால் மணியில் கொண்டுபோய் விடுவீர்களா? சத்தியம் செய்யுங்கள்.

டாக்ஸி ஸ்டாண்டு ரவி | சனி, காலை 11:18

மே மாதம் ஞாயிற்றுக்கிழமை நான் வண்டியை எடுப்பதே இல்லை. 2024 மே-யில் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் கொண்டுவந்தார்கள். அப்புறம் 2025 ஏப்ரலிலிருந்து சாதாரண நாளில் 6,000 வண்டி, சனி ஞாயிறில் 8,000 என்று அளவு வைத்தார்கள். ரோட்டில் நின்று பார்க்கிற எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

பெருங்களத்தூரில் கோத்தகிரி | சனி, மதியம் 1:30

பிறந்தது கோத்தகிரி, பிழைப்பு சென்னையில். பீச்–தாம்பரம் என்று பேச்சு வந்ததால் ஒரு விஷயம். அந்தப் பாதையும் மீட்டர் கேஜாக இருந்ததுதான். உங்கள் மலை ரயில் ஓடும் அதே 1,000 மில்லிமீட்டர் அகலம். 1931-லேயே அதில் மின்சார வண்டி விட்டுவிட்டார்கள். 2004 வரை மீட்டர் கேஜ் மின்சார ரயில் ஓடியது. நான் வந்த புதிதில் அதில்தான் தொங்கிக்கொண்டு போனேன். ஆகவே மீட்டர் கேஜ் என்றால் பொம்மை ரயில் என்று ஒதுக்க வேண்டியதில்லை.

ஆனால் ஒரு எச்சரிக்கையும் உண்டு. பறக்கும் ரயிலைப் பாருங்கள். 1995-ல் பீச்சிலிருந்து சேப்பாக்கம், 1997-ல் மயிலாப்பூர், 2007-ல் வேளச்சேரி. பாலம் கட்டி, பங்களா மாதிரி ஸ்டேஷன் கட்டி, ரொம்ப வருஷம் காற்று வாங்கியது. காரணம் எளிது. வண்டி எப்போது வரும் என்று தெரியாது, இறங்கினால் அடுத்த பஸ் எங்கே என்றும் தெரியாது. தாம்பரம் வண்டியில் யாரும் அட்டவணை பார்ப்பதில்லை. போய் நின்றால் ஒன்று வரும். உள்ளூர் ரயிலுக்கு அதுதான் உயிர். நாளுக்கு நான்கு வண்டி ஓடும் பாதையில் அந்தப் பழக்கம் எப்படி வரும்?

மேட்டுப்பாளையம் சேகர் | சனி, மதியம் 2:10

நல்ல கேள்வி. தாம்பரம் மாதிரி வராது, வரவும் வேண்டாம். இது ஒற்றைப் பாதை. எதிர்வண்டி வந்தால் கேத்தி மாதிரி ஒரு ஸ்டேஷனில் ஒதுங்கி நின்றுதான் ஆக வேண்டும். பத்து நிமிஷத்துக்கு ஒரு வண்டியெல்லாம் கனவு. ஆனால் காலையில் இரண்டு பக்கமும் ஒன்று, சாயங்காலம் இரண்டு பக்கமும் ஒன்று என்பது கனவே இல்லை. இப்போது பாதி இருக்கிறது, பாதி இல்லை. கேத்திக்காரன் நிற்பது இல்லாத பாதியில்.

ஏன் என்று கேட்டால், லோகோ ஷெட் குன்னூரில். பெட்டிகள் இரவு தங்குவதும் அங்கேதான். காலையில் முதல் வண்டி குன்னூரிலிருந்துதான் ஏற முடியும். அது மேலே போய்ச் சேர்ந்த பிறகுதான் கீழே இறங்க ஒரு வண்டி கிடைக்கும். ஊட்டி ஒன்பதே கால் வண்டி அப்படிப் பிறந்ததுதான். யாரும் உங்களை வஞ்சிக்கவில்லை தம்பி, பெட்டி அங்கே இல்லை, அவ்வளவுதான்.

கார்டைட் ரிட்டயர்டு | சனி, மாலை 5:45

அருவங்காடு வெடிமருந்து பேக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். நீங்கள் எல்லாரும் புதிதாகக் கேட்கிற மாதிரிப் பேசுகிறீர்கள். எங்கள் காலத்தில் இது உள்ளூர் ரயிலாகத்தான் இருந்தது.

அருவங்காடு ஸ்டேஷனில் இறங்கினால் பேக்டரி பக்கத்திலேயே. லவ்டேல், கேத்திப் பக்கத்து ஆட்கள் டிபன் கேரியரோடு கும்பலாக ஏறுவார்கள். படுகர் ஊர்களிலிருந்து வந்தவர்கள் ஒரு பெட்டி, கீழ்நாட்டிலிருந்து வந்து குவார்ட்டர்ஸில் இருந்தவர்கள் ஒரு பெட்டி என்று தானாகப் பிரிந்து உட்காருவார்கள். சீட்டுக்கட்டு மட்டும் எல்லாப் பெட்டியிலும் இருக்கும். மழைக்காலத்தில் ஜன்னல் பலகையை ஏற்றிவிட்டால் உள்ளே புகையிலையும் ஈரக் கம்பளியும் சேர்ந்து ஒரு வாசம் வரும். டிக்கெட் பஸ்ஸை விடக் குறைவு. அப்புறம் மோட்டார் சைக்கிள் வந்தது, கம்பெனி பஸ் வந்தது, ஆட்களும் குறைந்தார்கள். கூட்டம் குறைந்ததால் வண்டியை டூரிஸ்டுக்கு விட்டார்களா, டூரிஸ்டுக்கு விட்டதால் கூட்டம் குறைந்ததா என்று என்னைக் கேட்காதீர்கள். இரண்டும்தான்.

இன்னொன்று. ரயில் குன்னூருக்கு வந்தது 1899-ல். ஊட்டிக்குப் போனது 1908-ல். நடுவில் அந்த ஒன்பது வருஷத்துக்குள்தான் எங்கள் பேக்டரி வந்தது. அதாவது ரயில் அருவங்காட்டைத் தொடும் முன்னே பேக்டரி அங்கே நின்றுகொண்டிருந்தது. வேலைக்காரனைத் தேடி வந்த ரயில் என்று நாங்கள் பெருமையடித்துக்கொள்வோம்.

லோகோ பிரியன் | சனி, மாலை 6:20

ஐயா, பெருமை சரி. ஆனால் ஊட்டிக்கு நீட்டியது பேக்டரிக்காக என்று சொல்ல முடியாது. ஊட்டி சென்னை அரசாங்கத்தின் கோடைத் தலைநகரம். வெள்ளைக்காரர்களுக்கு மேட்டுப்பாளையத்தில் இறங்கி மாட்டு வண்டியிலும் குதிரையிலும் ஏறுவது பெரிய தொல்லை. மலைக்கு ரயில் வேண்டும் என்ற பேச்சு 1854-லேயே தொடங்கிவிட்டது. மேட்டுப்பாளையம் வரை அகலப் பாதை வந்தது 1873-ல். அதற்கு மேலே ஏற 26 வருஷம்.

இடையில் நடந்தது ஒரு பெரிய கதை. சுவிஸ் இன்ஜினியர் ரிக்கன்பாக் 1882-ல் வந்து பார்த்தார். கம்பெனி அமைத்தார்கள், 1891-ல் வேலை தொடங்கியது, பணம் தீர்ந்து கம்பெனி திவாலானது. புதுக் கம்பெனி எடுத்து 1899 ஜூனில் குன்னூரைத் தொட்டார்கள். 1903-ல் அரசாங்கம் வாங்கியது. அரசாங்கக் காசில்தான் அந்த மேல்துண்டு ஊட்டி வரை போனது.

நான் இதிலிருந்து எடுத்துக்கொள்வது ஒன்று: இந்தப் பாதை லாபக் கணக்கில் ஒருநாளும் நின்றதில்லை. நட்டம் என்று இன்று யாராவது காரணம் சொன்னால், அது முதல் நாளிலிருந்து அப்படித்தான் என்று பதில் சொல்லுங்கள்.

கார்டைட் ரிட்டயர்டு | சனி, மாலை 6:41

தம்பிக்கு வரலாறு தெரிகிறது. ஆனால் கோடைத் தலைநகரம் வருஷத்தில் சில மாதம்தான். மீதி மாதம் அந்தப் பெட்டிகளில் உட்கார்ந்து போனது யார்? நாங்கள்தான்.

கூடலூர் பையன் | சனி, இரவு 8:05

நீங்கள் எல்லாரும் இருக்கிற ரயிலுக்கு நேரம் சரியில்லை என்று சண்டை போடுகிறீர்கள். நாங்கள் நிலம்பூர்–நஞ்சன்கூடு ரயில் வரும் வரும் என்று கேட்டே கிழவனாகப் போகிறோம். எங்களுக்கு ரயில் பார்க்க வேண்டுமென்றால் நாடுகாணி இறங்கி நிலம்பூர் போக வேண்டும். பேசுங்கள், பேசுங்கள். பொறாமையோடு படிக்கிறேன்.

லவ்டேல் நிர்மலா | சனி, இரவு 9:30

ஆண்கள் எல்லாரும் அட்டவணை, ஏற்றம், இன்ஜின் என்று பேசுகிறீர்கள். நான் ஸ்டேஷனுக்கு வெளியே இருக்கிறதைச் சொல்கிறேன்.

லவ்டேல் ஸ்டேஷன் அழகுதான், படம் எடுக்க வருகிறவர்கள் எல்லாரும் சொல்வார்கள். ஆனால் மெயின் ரோட்டிலிருந்து தள்ளி, மரங்களுக்கு நடுவில் இருக்கிறது. ஆறரை மணிக்கு இருட்டினால் காட்டெருமை நிற்கும். போன மழைக்காலத்தில் ஒன்று பிளாட்பாரத்துக்கு எதிரே படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது. நாங்கள் மூன்று பெண்கள் டார்ச் அடிக்கவும் பயந்து, நகரவும் பயந்து நின்றோம். டார்ச் அடித்தால் கோபம் வரும் என்று ஒருத்தி, அடிக்காவிட்டால் மிதிக்கும் என்று இன்னொருத்தி. அது எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, வேறு விஷயம்.

கரடி பயமும் உண்டு. சாயங்காலம் ஐந்தரை வண்டியில் வந்தால் லவ்டேலில் வெளிச்சம் இருக்கும்போதே இறங்கலாம், அதுவும் டிசம்பரில் மட்டுமட்டு. இதற்கும் பிந்தி ஒரு வண்டி விட்டால் யார் அங்கே இறங்குவார்கள்? ஸ்டேஷனிலிருந்து ரோடு வரை நாலு விளக்கு, ஒரு மினி பஸ். இந்த இரண்டும் இல்லாமல் ரயில் மட்டும் விட்டால், கோத்தகிரிக்காரர் சொன்ன பறக்கும் ரயில் கதைதான் இங்கேயும்.

பெருங்களத்தூரில் கோத்தகிரி | சனி, இரவு 9:52

நிர்மலா அக்கா, நான் சுற்றி வளைத்துச் சொன்னதை நீங்கள் காட்டெருமையை வைத்து நேராகச் சொல்லிவிட்டீர்கள்.

காரமடை மெமு | ஞாயிறு, காலை 8:10

குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். மேலே 18 கி.மீ.க்கு இவ்வளவு பேசுகிறீர்கள். கீழே மேட்டுப்பாளையத்திலிருந்து கோவைக்கு மெமு, அதாவது குறுந்தூர மின்சார ரயில், ஓடுகிறது. காரமடை, பெரியநாயக்கன்பாளையம், துடியலூர், கோவை வடக்கு என்று நின்று போகும். மலையிலிருந்து கோவைக்குப் போகும் ஆட்களில் எத்தனை பேர் இதைப் பயன்படுத்துகிறார்கள்? குன்னூரிலிருந்து பஸ்ஸில் இறங்கி, மேட்டுப்பாளையத்தில் மெமு பிடித்தால் துடியலூர் நெரிசலில் மாட்டவே வேண்டாம். எங்களிடம் இருக்கும் உண்மையான புறநகர் ரயில் அதுதான். கோவை மெட்ரோவுக்கு அவிநாசி ரோடு, சத்தி ரோடு என்று இரண்டு வழித்தடம் போட்டு அனுப்பினார்கள், 2025 நவம்பரில் டெல்லி திருப்பி அனுப்பிவிட்டது. அதற்காக அழுகிறவர்கள் பாதிப்பேர் மெமுவில் ஏறியதே இல்லை.

கேத்திக்காரன் | ஞாயிறு, காலை 8:45

மெமு நல்ல வண்டிதான் அண்ணா. ஆனால் நான் கேத்தியிலிருந்து குன்னூருக்குப் போகிறேன். அதற்கு மேட்டுப்பாளையம் வந்து என்ன செய்ய?

சேகர் அண்ணா, ராத்திரி முழுக்க நீங்கள் சொன்னதையே யோசித்தேன். பெட்டி குன்னூரில் தங்குகிறது, அதனால் காலையில் கீழே இறங்க வண்டி இல்லை. சரி, ஒரு செட் பெட்டியை இரவு ஊட்டியில் தங்க வைத்தால்?

மேட்டுப்பாளையம் சேகர் | ஞாயிறு, காலை 9:30

இதற்காகத்தான் காத்திருந்தேன். கணக்குப் போடலாம்.

ஊட்டி ஐந்தரை வண்டி குன்னூருக்கு ஏழு மணிக்கு முன்னே வந்துவிடும். இப்போது அதோடு அன்றைய ஓட்டம் முடிகிறது. அதே பெட்டியை ஏழு மணி வாக்கில் மறுபடி மேலே அனுப்புங்கள். குன்னூரில் வேலை முடிந்த கேத்தி, அருவங்காடு ஆட்களுக்கு அதுதான் வீட்டுக்குப் போகும் வண்டி. எட்டேகால் சுமாருக்கு ஊட்டி சேர்ந்து அங்கேயே தங்கட்டும். மறுநாள் காலை ஆறு இருபதுக்கு இறங்கினால் குன்னூருக்கு ஏழு முப்பத்தைந்து. முக்கால் எட்டுக்கு அதுவே மேலே போகும் வண்டி. அக்காவுக்கு ஒரு நிமிஷம்கூட மாறாது.

புதுப் பெட்டி வேண்டாம், புது இன்ஜின் வேண்டாம், புதுத் தண்டவாளம் வேண்டாம். ஒரு ஏற்றம், ஒரு இறக்கம் கூடுதல். ஆட்களுக்கு இரவு தங்க இடமும் ஊட்டியில் வண்டிக்குக் காவலும் வேண்டும். எதிர்வண்டி எதுவும் அந்த நேரத்தில் கிடையாது, ஆகவே ஒற்றைப் பாதைச் சிக்கலும் இல்லை.

லோகோ பிரியன் | ஞாயிறு, காலை 10:05

காகிதத்தில் அருமை. ஆனால் குன்னூரில் பத்து நிமிஷத்தில் திருப்புவது நடக்காது. இறங்குகிறவர்கள் இறங்கி, ஏறுகிறவர்கள் ஏறி, பிரேக் சோதித்து, கார்டு கையெழுத்துப் போட்டு… அதுவும் குன்னூரில் ஊட்டி வண்டி நேராகக் கிளம்பாது, கொஞ்ச தூரம் பின்னாலே போய்த்தான் ஊட்டிப் பாதையில் ஏற வேண்டும். கால் மணி தாமதம் என்றால் அக்கா வண்டியும் கெட்டது.

இன்னொரு விஷயம்: டிசம்பர், ஜனவரியில் ஊட்டியில் உறைபனி. ரேஸ் கோர்ஸ் புல் வெள்ளையாகக் கிடக்கும். ராத்திரி முழுக்க வெளியே நின்ற டீசல் இன்ஜினை விடியற்காலையில் உசுப்புவது லேசான வேலை இல்லை. அதோடு முதல் வண்டிக்கு முன்னே கேங்மேன் பாதையை நடந்து பார்த்தாக வேண்டும். ஆறு இருபது வண்டி என்றால் அவர் ஐந்து மணிக்கு இருட்டில் நடக்கணும். நிர்மலா அக்காவின் காட்டெருமை அவருக்கும் உண்டு.

மேட்டுப்பாளையம் சேகர் | ஞாயிறு, காலை 10:32

மூன்றும் சரியான கேள்வி. திருப்பும் நேரத்துக்கு, ஊட்டியில் ஆறு பத்து அல்லது ஆறு மணிக்கே கிளப்பிவிடலாம். உறைபனிக்கு, ஷெட் மாதிரி ஒரு கூரையும் விடிவதற்கு முன்பே வந்து இன்ஜினைக் கிளப்பி வைக்க ஒரு ஆளும். வடக்கே இதைவிடக் குளிரில் டீசல் ஓடுகிறது. கேங்மேன் விஷயம்தான் எனக்கும் உறுத்துகிறது. அதற்குச் சம்பளமும் ஆளும் கூட்டாமல் வேறு வழி இல்லை. அதை மறைத்துப் பேசினால் நாம் கேட்பது ஓசி வேலை என்று ஆகிவிடும்.

பாரம்பரியம் காப்போம் | ஞாயிறு, மதியம் 12:15

யுனெஸ்கோ 2005-ல் இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. டார்ஜிலிங் ரயிலோடு சேர்த்து வைத்த கௌரவம். அதைத் தினசரி கூட்டத்துக்குப் பயன்படுத்தி நாசம் செய்ய வேண்டுமா? பழைய மரப் பெட்டி, நூறு வருஷ நீராவி இன்ஜின், சுவிட்சர்லாந்தில் வார்த்த இரும்பு…

லோகோ பிரியன் | ஞாயிறு, மதியம் 12:40

பாரம்பரியம் சார், நீங்கள் சொல்கிற சுவிஸ் எக்ஸ் வகை இன்ஜின் ஓடுவது கீழே, பல் பாதையில். அதில் நான்கு சிலிண்டர். இரண்டு சாதாரணச் சக்கரத்துக்கு, இரண்டு பல்சக்கரத்துக்கு. முதல் இரண்டில் வேலை செய்த நீராவியே அடுத்த இரண்டுக்குப் போய் மறுபடி வேலை செய்யும். அதை யாரும் தொடச் சொல்லவில்லை. தொடவும் விடமாட்டேன். அதுவும் இப்போது சிலது எண்ணெயில் எரிகிறது, திருச்சி பொன்மலைப் பணிமனையில் புதிதாகவே செய்திருக்கிறார்கள். பெட்டிகளையும் பெரம்பூர் ஐ.சி.எஃப்.பில் புதிதாகச் செய்தார்கள். பழசை அப்படியே பெட்டிக்குள் வைத்துப் பூட்டியிருந்தால் இன்று வண்டியே ஓடாது.

நாம் பேசுவது மேலே டீசல் இழுக்கும் துண்டு. தினமும் மக்கள் ஏறி இறங்குவதும் பாரம்பரியம்தானே? ரிட்டயர்டு ஐயா சொன்ன சீட்டுக்கட்டுப் பெட்டி அந்தப் பட்டியலில் வராதா?

பாரம்பரியம் காப்போம் | ஞாயிறு, மதியம் 12:58

மேல்துண்டு மட்டும் என்றால் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் பெட்டியில் எச்சில் துப்பினால் நான்தான் முதலில் புகார் கொடுப்பேன்.

டாக்ஸி ஸ்டாண்டு ரவி | ஞாயிறு, மதியம் 2:20

நேர அட்டவணையெல்லாம் சரி, இடம் கிடைக்குமா? சீசனில் டூரிஸ்ட் குடும்பத்தோடு முன்பதிவு செய்து ஏறுகிறான். கேத்திக்காரன் டிபன் பாக்ஸோடு கதவில் நிற்பான். என் வண்டியில் வருகிற பத்துப் பேரில் எட்டுப் பேர் கேட்கிற முதல் கேள்வி, டாய் ட்ரெயின் டிக்கெட் கிடைக்குமா என்பதுதான். காலை ஆறு மணி வண்டி டூரிஸ்டுக்கு வேண்டாம், தூங்குவான். அதில் பிரச்சினை இல்லை. சாயங்கால வண்டியைத்தான் பிடித்துவிடுவான்.

கேத்திக்காரன் | ஞாயிறு, மதியம் 2:35

இருட்டில் ஓடுகிற வண்டியில் டூரிஸ்டுக்கு என்ன தெரியும் ரவி அண்ணா? ஜன்னலில் அவன் முகம்தான் தெரியும்.

லவ்டேல் நிர்மலா | ஞாயிறு, மாலை 4:10

மழையைப் பற்றி யாருமே பேசவில்லையே. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை மண் சரிவு. 2009 நவம்பரை இங்கே யாரும் மறக்கவில்லை. குன்னூர், கேத்திப் பக்கம் எத்தனை வீடு போனது, எத்தனை உயிர் போனது. அந்த மாதிரி மழையில் ராத்திரி ஏழு மணிக்கு மலையில் ரயில் விட நான் சம்மதிக்க மாட்டேன்.

மேட்டுப்பாளையம் சேகர் | ஞாயிறு, மாலை 4:45

சம்மதிக்க வேண்டாம் அம்மா. பெரும்பாலும் கல்லாறு–குன்னூர் துண்டுதான் சரிவில் மாட்டும். அது மூடினாலும் மேலே ஓடிய நாட்கள் நிறைய. ஆனால் இரவு ஓட்டம் வேறு. கனமழை எச்சரிக்கை வந்த நாளில் ஏழு மணி வண்டி ரத்து, மறுநாள் காலை வண்டியும் தானாக ரத்து என்று முதலிலேயே எழுதிவிடலாம். அன்றைக்குப் பஸ்தான். வருஷத்தில் சில வாரம் இல்லை என்பதற்காக மீதி மாதங்களை விடுவது சரியில்லை.

கேத்திக்காரன் | ஞாயிறு, இரவு 7:20

மனு எழுதத் தொடங்கிவிட்டேன். சேலம் ரயில்வே கோட்டத்துக்கு ஒன்று, எம்.பி. ஆபீசுக்கு ஒன்று. சுருக்கம் இது:

"இரவு சுமார் 7 மணிக்குக் குன்னூரிலிருந்து ஊட்டிக்கும், காலை சுமார் 6 மணிக்கு ஊட்டியிலிருந்து குன்னூருக்கும் ஒரு வண்டி. இப்போது இருக்கும் பெட்டிகளே போதும். இரண்டிலும் முன்பதிவு வேண்டாம், மாத சீசன் டிக்கெட் செல்ல வேண்டும். பாதையைச் சோதிக்கும் ஊழியர்களுக்குக் கூடுதல் ஆள். லவ்டேல் ஸ்டேஷனிலிருந்து சாலை வரை விளக்கு. கனமழை எச்சரிக்கை நாட்களில் ரத்து. முதலில் ஜனவரி முதல் மார்ச் வரை சோதனையாக ஓட்டிப் பார்க்கலாம்."

மெட்ரோ, புறநகர் ரயில் என்ற சொல்லையே எடுத்துவிட்டேன். அந்தச் சொல்லைப் பார்த்தாலே ஆய்வு அறிக்கை கேட்பார்கள்.

பெருங்களத்தூரில் கோத்தகிரி | ஞாயிறு, இரவு 7:48

கெட்டிக்காரத்தனம். ஆனால் மூன்று மாதம் போதாது. ஒரு வண்டி இருக்கிறது என்று ஜனங்கள் நம்பி, பஸ் பாஸை விட்டுவிட்டு வர ஆறு மாதமாவது ஆகும். மூன்றாம் மாதத்தில் ஆள் இல்லை என்று கணக்குக் காட்டி நிறுத்திவிடுவார்கள். ஆறு மாதம் என்று போடுங்கள். எத்தனை பேர் ஏறினால் தொடர்வார்கள் என்பதையும் முன்கூட்டியே எழுதித் தரச் சொல்லுங்கள்.

லோகோ பிரியன் | ஞாயிறு, இரவு 8:02

ஆறு மாதம் என்றால் ஏப்ரல், மே சீசன் உள்ளே வந்துவிடும். சீசன் ஸ்பெஷல் விட வேண்டும் என்று இந்தப் பெட்டியையே பிடுங்கிக்கொள்வார்கள். பிடுங்கக் கூடாது என்று ஒரு வரி சேர்க்கவும்.

கேத்திக்காரன் | ஞாயிறு, இரவு 8:10

சேர்த்தாச்சு. கையெழுத்துக்கு நேரில் ஆள் வேண்டும். வெலிங்டனுக்கும் அருவங்காட்டுக்கும் யார் போவது?

கார்டைட் ரிட்டயர்டு | ஞாயிறு, இரவு 8:35

அருவங்காடு என் பொறுப்பு. ஷிப்ட் விடும் நேரத்தில் கேட்டில் நின்றால் ஒரே நாளில் நோட்டு நிறையும். ஆனால் மனுவில் "சுமார் 6 மணி" என்று போடாதே தம்பி. சுமார் என்றால் அவன் இஷ்டத்துக்கு ஏழரை என்று வைப்பான், பேக்டரிக்காரனுக்கு அது உதவாது. சரியாக 6:05 என்று எழுது. அருவங்காட்டில் இறங்கி டீ குடித்துவிட்டு உள்ளே போகிற நேரம் இருக்கணும்.